பட்டம் தப்பிய மழை

சித்திரை மாதத்தில் எங்கள் ஊரான மல்லாங்கிணற்றின் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டு விளையாடுவோம். உள்ளே பாம்பு கிடக்கும் என்று அப்பத்தா திட்டுவாள். வெடிப்பைக் கண்டு மட்டும் அவள் கவலைப்பட்டதே இல்லை. "நல்லா வெடிக்கட்டும். அப்பத்தான் தண்ணி உள்ள இறங்கும்" என்பாள். கரிசல் களி காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும், நனைந்தால் உப்பும். முதல் மழை பிளவு வழியே அடிமண்ணுக்குப் போகும். பிறகு மண் ஊறி வாயை மூடிக்கொள்ளும். மானாவாரிப் புஞ்சைக்கு அதுதான் அணைக்கட்டு.

அந்தக் காலத்தில் ஊர் செழிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்களுடையது என்றைக்கும் வறண்ட பூமி. ஆனால் அந்த வறட்சிக்கு ஒரு முறை இருந்தது. புரட்டாசியில் புழுதி விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் மழை விலகிய பிறகு, அடிமண் ஈரத்தையும் இரவுப் பனியையும் குடித்தே கொத்தமல்லிச் செடி பூத்துக் காய்த்துவிடும். தை வெயிலில் எல்லாம் களத்துக்கு வரும். அப்பத்தா பஞ்சாங்கம் பார்த்தவளில்லை. காற்று திரும்புவதை உடம்பிலேயே அறிந்து, விதைப் பெட்டியை இறக்கச் சொல்வாள்.

இன்று அவள் இருந்தால் எதை வைத்துச் சொல்வாள்? புரட்டாசியில் ஒரு மழை ஆசை காட்டுகிறது, விதை முளைக்கிறது. அடுத்த மழைக்குள் முளை கருகிவிடுகிறது. மறுவிதைப்புக்குக் கடன் வாங்க வேண்டும். அதுவும் தப்பி விளைந்தால், வெயில் காய வேண்டிய தையில் மழை வருகிறது. 2021 ஜனவரியில் தமிழகத்தின் பல மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற பயிர் அப்படித்தான் பாழானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், எங்கள் ஊரிலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கக் காணும் மழையைவிட அது அதிகம்.

காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். உலகம் ஏற்கெனவே 1 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. அதனால்தான் மேகம் இழுத்தடிக்கிறது, பிறகு மொத்தமாக இறக்கிவைக்கிறது. ஒரேயடியாகக் கொட்டும் மழையைக் கரிசலால் குடிக்க முடியாது. வாய் மூடிய மண்மேல் தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறியவர்களுக்கு 2018இல் படைப்புழு வந்து சேர்ந்தது. சூட்டில் அது இன்னும் வேகமாகப் பெருகும்.

புஞ்சை கைவிட்டால் இந்தப் பக்கத்துச் சனத்துக்குப் பட்டாசு ஆபீஸ்தான். அதுவும் இதே வெயில் கொடுத்த பிழைப்பு. கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தொழில் தொடங்கியபோது, மழை குறைந்த இந்த மண் அவர்களுக்குத் தோதாக இருந்தது. பசையும் மருந்தும் காசில்லாமல் காய்ந்தன. பிறகு அதே வழியில் பட்டாசும் வந்தது. இன்று அந்த வெயிலே மிரட்டுகிறது. மருந்து அறைக்குள் மின்விசிறி போட முடியாது. ஒரு பொறி போதும். கலவை வேலையைக் காலைக் குளிர்ச்சிக்குள் முடிக்க வேண்டும், ஆனால் கோடையில் அந்தக் குளிர்ச்சி சீக்கிரமே போய்விடுகிறது. எதிர்பாராத மழையும் ஆபத்துதான். அலுமினியப் பவுடர் கலந்த மருந்து நனைந்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். நல்ல முடிவு. ஆனால் சாகாமல் தினமும் மயங்கி விழுந்து எழுந்து அடுத்த நாளும் வேலைக்குப் போகிறவளுக்கு அந்தத் தொகையில் இடமில்லையே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

உலகத்தைச் சூடாக்கிய புகையில் எங்கள் புஞ்சைக்காரர்களின் பங்கு மிகச் சொற்பம். அதன் கணக்கை முதலில் தீர்ப்பவர்கள் அவர்களாக இருப்பது அநியாயம்.

போன புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்துப் புஞ்சை மாமா விதைத்துக்கொண்டிருந்தார். சாக்கில் பாதி விதை மிச்சமிருக்கும்போதே வாயைக் கட்டி வரப்பில் வைத்தார்.

"என்ன மாமா, இவ்வளவுதானா?"

"மிச்சம் அடுத்த மழைக்குப்பா. முத மழைய இப்பல்லாம் நம்புறதில்ல."