பெட்டி வேண்டாம், எண் போதும்

ஓசூரில் ஒரு சின்ன உதிரிபாகப் பட்டறை. ஷிஃப்டுக்கு ஒருவராக மாறி மாறி உட்காரும் லினக்ஸ் கணினி ஒன்று அங்கே உண்டு. அதைப் பார்த்துக்கொள்கிற பையனுக்கு ஊர் சாமல்பட்டி. சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில், மொரப்பூருக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே இருக்கிறதே, அதுதான். விடுமுறைக்கு வந்தவன் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, மெஷின் புரோகிராம் ஃபைலைக் காப்பி பண்ணணும், பழைய லாகை அழிக்கணும், டிஸ்க்ல இடம் இருக்கான்னு பாக்கணும். கமாண்ட் எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி ஒட்டிட்டேன். அப்படியும் ராத்திரி ஷிஃப்ட்ல இருந்து எனக்குத்தான் போன் வருது."

"அந்தப் பேப்பரைக் கிழிச்சிடு தம்பி. ஒரு மெனு போட்டுக் குடு."

கேஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போன் போட்டால், இதற்கு இந்த எண், அதற்கு அந்த எண் என்று ஒரு குரல் சொல்லும். நாம் அழுத்துவோம். மெனு என்பது அதுவேதான். குரலுக்குப் பதில் திரையில் வரிகள். பட்டியலைக் காட்டு, எண்ணை வாங்கு, வேலையைச் செய், மறுபடி பட்டியலுக்கு வா. இதற்கு மவுஸ் வேண்டாம், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

இந்த வேலைக்கென்றே பாஷ் ஷெல்லில் 'செலக்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெல் லேப்ஸில் டேவிட் கார்ன் எழுதிய கார்ன் ஷெல்லில் பிறந்தது. பிரையன் ஃபாக்ஸ் தொடங்கிய பாஷ் அதை எடுத்துக்கொண்டது. செலக்டுக்குப் பின்னால் ஒரு மாறியின் பெயர், அடுத்து 'இன்', அதற்கடுத்து மேற்கோள் குறிக்குள் ஒவ்வொரு வேலையின் பெயர். அவ்வளவுதான். 1, 2, 3 என்று எண் போடுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். கேள்வி வரியை 'பிஎஸ்3' என்ற மாறியில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஒரு எண் குறியும் கேள்விக்குறியும்தான் திரையில் நிற்கும். ராத்திரி ஷிஃப்ட் ஆளுக்கு அது என்னவென்று விளங்காது. 'எந்த வேலை? எண்ணை அடித்து எண்டர் தட்டவும்' என்று எழுதிவிடு.

அவர் அடித்தது அப்படியே 'ரிப்ளை' என்ற மாறிக்குப் போகும். பட்டியலில் உள்ள எண் என்றால் நாம் கொடுத்த மாறியில் அந்த வேலையின் பெயர் வந்து உட்காரும். இல்லாத எண்ணோ, வேறு எழுத்தோ அடித்தால் மாறி காலியாக இருக்கும். ரிப்ளையை 'கேஸ்' கட்டளையிடம் கொடுத்து, எண் 1 என்றால் இது, 2 என்றால் அது என்று பிரிக்கலாம். கேஸ் தொடங்கினால் 'எசாக்' என்று முடிக்க வேண்டும். கேஸைத் தலைகீழாக எழுதியது அது. 1979இல் வெளிவந்த ஷெல்லை எழுதிய ஸ்டீபன் போர்னுக்கு ஆல்கால் 68 மொழி மேல் இருந்த பிரியம், இன்றைக்கும் நம் விரலில் வந்து நிற்கிறது.

கடைசிக் கிளையாக நட்சத்திரக் குறி போட்டு, 'அந்த எண் இல்லை, மறுபடி அடிக்கவும்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். வெளியேற ஓர் எண் வை, அதற்குள் 'பிரேக்' எழுது. இன்னொன்று: ஒரு வேலை முடிந்ததும் செலக்ட் கேள்வியை மட்டும்தான் மறுபடி கேட்கும், பட்டியலைக் காட்டாது. வெறும் எண்டர் தட்டினால்தான் காட்டும். சுற்றின் கடைசியில் ரிப்ளை மாறியைக் காலி செய்துவிட்டால் ஒவ்வொரு முறையும் பட்டியல் வரும்.

"எழுதிப் பாத்தேண்ணா. ஓடவே இல்ல, செலக்ட்னா என்னன்னு கேக்குது."

ஸ்கிரிப்டின் முதல் வரியில் வெறும் 'எஸ்ஹெச்' என்று போட்டிருந்தான். உபுண்டுவில் 2006 முதலும், டெபியனில் 2011 முதலும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டேஷ் என்கிற சின்ன ஷெல். அதற்குச் செலக்ட் தெரியாது. முதல் வரியில் பாஷ் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

அடுத்து அவன் கேட்டதற்குத்தான் இரண்டாவது டீ தேவைப்பட்டது. 'ராஸ்பெர்ரி பை' என்ற சின்னக் கணினியில் 'ராஸ்பி-கான்ஃபிக்' என்று ஒன்று வருகிறது; நீலத் திரை, நடுவில் சாம்பல் பெட்டி, அம்புக்குறியால் ஏறி இறங்கலாம். அதுவும் ஷெல் ஸ்கிரிப்ட்தான். பெட்டி வரைவது 'விப்டெயில்' என்ற நிரல். "அந்த மாதிரி தமிழ்ல போட்டா அழகா இருக்கும்ல?"

இருக்காது. டெர்மினல் திரை கட்டம் கட்டமாகப் பிரிந்தது, ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள், யூடிஎஃப்-8இல் 15 பைட். வரிசை நேராக நிற்க 'பிரிண்ட்எஃப்' கொண்டு 20 இடம் ஒதுக்கினால், பாஷ் பைட்டைத்தான் எண்ணும்; 15 போக ஐந்தே வெற்றிடம் சேர்க்கும். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்தில் முடியும், பெட்டியின் வலது கோடு பல் பல்லாக நிற்கும். கணினி எழும்பும்போது வருகிற வெறும் கறுப்புத் திரை இன்னும் மோசம். அதிகபட்சம் 512 எழுத்துருவங்களுக்குத்தான் அங்கே இடம், அவற்றைச் சேர்த்துக் கோக்கவும் தெரியாது. டெபியனை நிறுவும்போது தமிழ் வேண்டுமென்றால் படத்திரை நிறுவிக்குப் போக வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆகவே பெட்டியை விடு. எண் முன்னால், தமிழ் பின்னால், வரிக்கு ஒன்று. வலது ஓரம் எங்கே முடிந்தால் என்ன? செலக்ட் சில சமயம் பட்டியலை இரண்டு மூன்று பத்தியாக அடுக்கும். 'காலம்ஸ்' மாறியை 1 என்று வைத்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். கறுப்புத் திரையில் ஓட்டாமல், டெஸ்க்டாப்பின் டெர்மினல் ஜன்னலில் ஓட்டு. ஓசூர்ப் பட்டறையில் தமிழ் வாசிக்கிறவர் பக்கத்திலேயே கன்னடமோ தெலுங்கோ மட்டும் வாசிக்கிறவரும் நிற்பார். நேற்று 3 அடித்தால் நடந்த வேலை இன்றும் 3 அடித்தால் நடந்தால் அவருக்கு அது போதும். புது வேலை சேர்த்தால் கடைசியில் சேர், நடுவில் செருகாதே.

லாக் அழிக்கிற எண்ணுக்கு மட்டும் இன்னொரு கேள்வி வை: 'நிச்சயமா? ஆம் என்று முழுதாக அடிக்கவும்.' ஒற்றை எழுத்தைக் கை தானாக அடித்துவிடும். அடித்ததை ஒருபோதும் அப்படியே கட்டளையாக ஓட்டாதே. பட்டியலோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்து. டெர்மினல் ஜன்னல் திறந்ததுமே மெனு வர வேண்டுமென்றால், அந்தப் பயனரின் 'பாஷ்ஆர்சி' கோப்பின் கடைசி வரியில் 'எக்ஸெக்' போட்டு ஸ்கிரிப்டை அழை. மெனு முடிந்தால் அந்த ஜன்னலின் அமர்வும் முடிந்துவிடும். அதிலிருந்து ஷெல்லில் இறங்கி யாரும் திரிய முடியாது.

வீட்டில் பழகிப் பார்க்கவும் வழி உண்டு. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சீடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அது டெபியன் வழி வந்தது, பாஷ் உள்ளேயே இருக்கும். அப்படி ஒன்று பரணில் கிடந்தால் இறக்குங்கள். மெனுவை எழுதி முடித்ததும் கணினி தெரியாத ஒருவரை அதன் முன் உட்காரவைத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். எந்த வரியில் அவர் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.