அரக்குத் தட்டில் நின்ற குரல்

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மிகவும் பிடித்த பாடகர் யார் என்று கேட்டால் நொடிப்பொழுதில் ஒரு பெயரைச் சொல்லிவிடுவீர்கள். அந்தப் பாடலை இப்பொழுதே கேட்கவேண்டும் என்றாலும் கையிலிருக்கும் கருவியைத் தொட்டால் போதும். எனக்குப் பிடித்த பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா. அவர் மறைந்து சுமார் கால் நூற்றாண்டுக்குப் பின்னரே நான் பிறந்தேன். நேரில் ஒருமுறையும் கேளாத ஒரு குரலுக்கு நான் அடிமையான கதையையும், அந்தக் குரல் என் காதுவரை வந்து சேர்ந்த வழியையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

சிற்பி மறைந்தாலும் சிலை நிற்கிறது; புலவர் மறைந்தாலும் ஏடு நிற்கிறது. பாடகரின் கலையோ பாடி முடித்த கணமே காற்றில் கலந்துவிடும். உலகம் தோன்றிய நாள் முதல் நிலவிவந்த இந்த நியதியை 1877ஆம் ஆண்டில் எடிசன் மாற்றினார். ஈயத்தகடு சுற்றிய உருளையொன்றில் அவர் குரலைப் பதித்து, அதையே திரும்ப ஒலிக்கச் செய்தார். பத்தாண்டுகளுக்குப் பின் எமில் பெர்லினர் என்பவர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தில் ஒலியைப் பதிக்கும் முறையைக் கண்டார். உருளைகளைப் படியெடுப்பது கடினம். தட்டையோ அச்சுப்போல் அழுத்தி ஆயிரக்கணக்கில் செய்யலாம். இதுவே கிராமபோன் இசைத்தட்டு.

அக்காலத்தில் ஒலியை எவ்வாறு பதித்தார்கள்? பாடகர் ஒரு பெரிய கொம்புக் குழாயின் வாயருகே நின்று உரக்கப் பாடுவார். குழாயின் மறுமுனையில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. குரலின் அதிர்வுக்கு ஏற்ப அத்தகடு அதிரும். அதனோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் நெளிநெளியாகக் கோடு கீறும். அந்த மெழுகின்மீது காரீயத்தூள் தடவி, மின்சாரத்தின் உதவியால் செம்பு படியவைத்து, உலோக அச்சுகளை எடுப்பர். அவ்வச்சுகளின் இடையே சூடான அரக்குக் கலவையை வைத்து அழுத்தினால் இசைத்தட்டு ஆயத்தமாகிவிடும். வீட்டில் சாவி முடுக்கிய பெட்டியில் அத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் சுழலும். ஊசி கோட்டின் நெளிவுகளில் ஊர்ந்து, முன்பு நடந்ததைத் தலைகீழாக நடத்திக் காட்டும்.

அரக்கு என்றேன் அல்லவா? அது நம் நாட்டுப் பொருள். சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளை மொய்க்கும் சிறு பூச்சிகள் கசியவிடும் பிசின் அது. அதனோடு கல்தூளும் கரியும் சேர்த்தே தட்டுகளைச் செய்தார்கள். இந்திய அரக்கு மேல்நாடு சென்றது; பின்னர் மேல்நாட்டார் நம் குரலைத் தேடி இங்கே வந்தனர். 1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிரெட் கைஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் ஓர் ஓட்டல் அறையில் கொம்பை நிறுத்தி, கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிந்தார். பாட்டு முடிந்ததும் அம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். இது தற்பெருமை அன்று. தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அழுத்தப்பட்டன. இந்திய மொழி அறியாத அந்தத் தொழிலாளர், எந்தத் தட்டில் எந்தப் பெயரை ஒட்டுவது என்று அறிய அது வழிசெய்தது. 1908ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே தட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், நம் பாட்டு கடல் கடந்து போய்த் திரும்பவேண்டிய நிலை மாறியது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். ஒரு மணி நேரம் ராகம் பாடிப் பழகிய வித்துவான்களுக்கு இது பெரும் நெருக்கடி. நாடக மேடைப் பாடகர்களுக்கோ இது எளிதாக வாய்த்தது. அவர்கள் பாட்டு சுருக்கமானது. எடுத்த எடுப்பில் மனத்தைக் கவரவேண்டியது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரருக்கும் கேட்கும்படி பாடித் தேறியவர்கள் அவர்கள். 1925ஆம் ஆண்டு முதல் மேல்நாட்டில் மைக்ரோபோன் கொண்டு பதிக்கும் மின்முறை பரவியது. சில ஆண்டுகளில் அது இங்கும் வந்தது. அதன்பின் குரலின் மென்மையான நெளிவுகளும் தட்டில் ஏறின.

இந்த வேளையில்தான் கிட்டப்பாவின் புகழ் உச்சத்தில் இருந்தது. 1906ஆம் ஆண்டில் செங்கோட்டையில் பிறந்த அவர் சிறு வயதிலேயே மேடை ஏறியவர். தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, மிக உயர்ந்த சுருதியில் அநாயாசமாகச் சஞ்சரிப்பார். கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அவரோடு மேடையிலும் பின்னர் வாழ்விலும் இணைந்தார். 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இருபத்தேழே வயதில் கிட்டப்பா காலமானார். இருபத்தைந்து வயதுச் சுந்தராம்பாள் வெள்ளுடை பூண்டார். பிறகு 'நந்தனார்', 'ஔவையார்' முதலிய படங்களில் நடித்து, 1980ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். அவருடைய குரலும் உருவமும் படச்சுருளில் உள்ளன. கிட்டப்பாவுக்கு அந்தப் பேறு இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டில் வந்தது; எனினும் எந்தப் பேசும் படத்திலும் நடியாமலே அவர் மறைந்தார். அரக்குத் தட்டுகள் இல்லையேல் அவர் குரல் இன்று நமக்கு இல்லை.

இதை நான் உணர்ந்தது ஒரு குற்றத்தின் வாயிலாக. என் பாட்டனார் இளமையில் கிட்டப்பாவின் நாடகங்களை நேரில் கண்டவர். அவரிடம் கிராமபோன் பெட்டி ஒன்றும் முப்பது தட்டுகளும் இருந்தன. நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது பள்ளியில் கைத்தொழில் கண்காட்சி நடந்தது. தட்டைக் கொதிநீரில் இட்டால் இளகும், விளிம்பை மடக்கினால் அழகிய கிண்ணமாகும் என்று நண்பன் ஒருவன் சொன்னான். பெட்டியில் மேலாக இருந்த தட்டை எடுத்தேன்; கிண்ணம் செய்தேன்; முதற்பரிசும் பெற்றேன்.

மாலையில் பெருமிதத்தோடு அதைப் பாட்டனாரிடம் நீட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்தில் பெயர்ச்சீட்டு பாதி அழிந்து இருந்தது. "பரிசு வாங்கினாயாக்கும், நல்லது ஐயா" என்றார். சற்றுநேரம் கழித்து, "இதில் கிட்டப்பா இருந்தார், தெரியுமா?" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அன்றுமுதல் மீதித் தட்டுகளை நானே துடைத்து, நானே வைத்துக் கேட்டேன். அப்படித்தான் அந்தக் குரல் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் கெடுத்த பாட்டின் மற்றொரு தட்டைப் பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் அமர்ந்த பின், வெளியூர் அன்பர் ஒருவரிடம் கண்டேன். அவர் அதை ஒலிநாடாவில் படியெடுத்துத் தந்தார். கொண்டுபோய்க் கேட்கச் செய்யப் பாட்டனார் இல்லை.

பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பரணிலோ உறவினர் பெட்டியிலோ இத்தகைய தட்டுகள் இருக்கக்கூடும். அவற்றை எடைக்குப் போடவேண்டாம். படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். சாராயம் கலந்த திரவங்களால் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரையும். வெயிலில் வைத்தால் தட்டு வளையும். 78 சுற்றுத் தட்டின் கோடு அகலமானது. ஆகையால் அதற்குரிய ஊசியையே பயன்படுத்துங்கள். பெயர்ச்சீட்டில் உள்ள பாடகர் பெயரையும் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அறிந்தவர் துணையோடு பாட்டைக் கணினியில் படியெடுத்து வையுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், அவர் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். அந்தத் தட்டை யார் வாங்கினார், எப்போது கேட்டார் என்ற செய்தி எந்தச் சீட்டிலும் அச்சாகி இருக்காது. அதை அவர்தாம் சொல்லமுடியும்.

என் கிண்ணம் இன்னும் என் மேசைமீது இருக்கிறது. அதில் நான் எதையும் இட்டு வைப்பதில்லை.