மைக்ரோ ஜீனியஸ்: ஊதி ஊதி விளையாடிய பெட்டி

1990களின் தொடக்கத்தில் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா பிள்ளைகள் பலருக்கு ‘வீடியோ கேம்’ என்றால் மைக்ரோ ஜீனியஸ் பெட்டிதான். ஜப்பானில் நிண்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாமின் தைவான் நகல் இது. ஃபேமிகாமின் 60 முனை விளையாட்டுக் கேசட்டுகள் இதிலும் பொருந்தும்.

ஆன்டெனா வயர் போகும் துளையில் பெட்டியின் வயரைச் செருகி, புள்ளி மழை ஓய்ந்து படம் தெளியும்வரை தொலைக்காட்சியின் குமிழைத் திருக வேண்டும். அப்பா செய்தி பார்க்க வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பெட்டியை அணைத்தால் அதுவரை தாண்டிய கட்டங்கள் எல்லாம் போச்சு. பெரும்பாலான கேசட்டுகளுக்கு நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இல்லை.

ஜப்பானிய விளையாட்டுகள் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. அன்றைய மலேசியத் தொலைக்காட்சியின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50தான். அதனால் அம்முறைக்கான நகல் பெட்டிகளில் மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். இசையும் தளர்ந்து ஒலித்தது. இங்கே வளர்ந்தவர்களின் காதில் பதிந்த தாளம் அதுதான். அதைப் பிழை என்று சொல்ல மனம் வரவில்லை.

படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். உண்மையில் உதவியது மூச்சல்ல. மீண்டும் செருகும்போது முனைகள் சரியாகத் தொட்டதுதான். மூச்சின் ஈரம் உலோகத்தை அரிக்கும்.

உங்கள் வீட்டில் பழைய கேசட் இருந்தால் ஊதாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் முனைகளைத் துடைத்து, உலர்ந்த பிறகு செருகுங்கள்.