செய்தி தொலையாதிருக்க

2004 டிசம்பர் 26 காலை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் நமக்கு எந்த எச்சரிக்கையும் வந்து சேரவில்லை. எச்சரிக்கைச் செய்திகளைக் கடத்தும் மென்பொருள் ஒரே கணினியில் இயங்கினால், அது பழுதானதும் செய்தியும் நின்றுவிடும். அதனால்தான் பல கணினிகளைக் கூட்டாக இயக்குகிறார்கள்.

திறந்த மூல மென்பொருளான ரேபிட்எம்கியூவின் ‘குவோரம்’ வரிசையில், பெரும்பான்மையான கணினிகள் பதிந்துகொண்ட பின்னரே ‘செய்தி கிடைத்தது’ என்ற உறுதி அனுப்பப்படும். மூன்றில் ஒன்று பழுதானாலும் வேலை தொடரும். இரண்டு மட்டுமே இருந்தால், ஒன்று பழுதானதும் பெரும்பான்மை இல்லாமற்போய் வேலை நின்றுவிடும்.

இக்கூட்டு பாவனைக்குத் தயாரா? நான் பரிந்துரைக்கும் சோதனை எளியது. இலக்கமிட்ட ஆயிரம் செய்திகளை அனுப்புங்கள். நடுவில் ஒரு கணினியின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். மறுமுறை வலையமைப்புக் கம்பியை மட்டும் கழற்றுங்கள். உறுதி கிடைத்த இலக்கங்கள் அனைத்தும் மறுமுனைக்கு வந்தனவா என்று எண்ணுங்கள். ஒன்று இருமுறை வந்தால் இலக்கத்தைப் பார்த்து நீக்கிவிடலாம். ஒன்று தொலைந்தாலும் அது தயாரில்லை.

உரிமக் கட்டணம் இல்லாததால், மாணவியர் இதைக் கல்லூரிக் கணினிக் கூடத்திலேயே செய்து பார்க்கலாம்.