சாமி நடந்த பனித் தடம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்: “காஷ்மீர் தால் ஏரி உறைந்து கிடக்கும் படம் பார்த்தேன். உள்ளே மீனெல்லாம் செத்துப்போகாதா?”

சாகாது. சித்திரை வெயிலில் நான் சர்வதீர்த்தக் குளத்தில் முங்கிய காலத்தில், மார்பு வரை வெதுவெதுப்பாகவும் கால் பக்கம் சில்லென்றும் இருக்கும். சூடான தண்ணீர் லேசு, மேலே நிற்கும். பனி நாட்டுக் குளிர்காலத்தில் இது தலைகீழ். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிகக் கனம். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகி, மேலே நின்று உறைகிறது. பனிப் போர்வைக்குக் கீழே, ஏரியின் ஆழத்தில், சுமார் 4 டிகிரித் தண்ணீர், அதில் மீன்.

தால் இருக்கட்டும். என்னைப் பிடித்துக்கொண்ட ஏரி ஜப்பானில் இருக்கிறது. பெயர் சுவா. மிக ஆழமான இடமே சுமார் ஏழு மீட்டர்தான். டம்ளர் காபி ஆறும் வேகத்தில் அண்டா ரசம் ஆறுமா? ஆழமில்லாத ஏரி ஊர்க் குளிரை உடனே காட்டிவிடும்.

கடுங்குளிர் ராத்திரியில் அங்கே பனிப்பாளம் சுருங்கி வெடிக்கும். விரிசலில் தண்ணீர் ஏறி அதுவும் உறையும். பகலில் கொஞ்சம் சூடேறினால் பாளம் விரியும், விரிய இடமேது? ஐப்பசி மழையில் ஊதிப்போய் நிலையில் முட்டும் எங்கள் வீட்டுக் கதவு மாதிரி ஒன்றையொன்று நெருக்கி, விரிசல் நெடுக வரப்பாக எழும்பும், பெருஞ்சத்தத்தோடு. தென்கரைத் தெய்வம் வடகரைத் தேவியைப் பார்க்க நடந்துபோன தடமாம் அது. ஓமிவாதாரி என்கிறார்கள். சித்ரா பௌர்ணமிக்கு எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் அய்யங்கார்குளம் நடவாவிக் கிணற்றில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு இது அந்நியமாகப் படவில்லை.

1443 முதல் அந்த ஊர்ப் பூசாரிகள் ஏரி உறைந்ததா, எப்போது உறைந்தது என்று குறித்து வருகிறார்கள். முதல் 250 ஆண்டுகளில் உறையாதவை மூன்றே மூன்று. 1955 முதல் 2004 வரை, ஐம்பதே ஆண்டுகளில், பன்னிரண்டு. 2019 முதல் 2025 வரை ஒருமுறைகூட வரப்பு எழவில்லை.

நமக்கு எழுதத் தெரியாதா என்ன? ஏரி வாரியத்துக்கு யார் வரலாம், யார் கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே உத்திரமேரூர் கோயில் சுவரில் வெட்டி வைத்தவர்கள். ஆனால் நான் முங்கிய குளம் எந்தெந்த ஆண்டு வற்றியது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. பாவுக்கு இழை எண்ணுகிற ஊரில் குளத்துக்குக் கணக்கில்லை. குப்பை கொட்ட மட்டும் எல்லோருக்கும் கரை ஞாபகம் வருகிறது.

கண்ணு, கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்கிக்கொள். பள்ளிக்கூடத்தில் வெப்பமானி கேள். ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குப் படித்துறைக்குப் போ, பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. தண்ணீர் எத்தனை டிகிரி, எத்தனை படி வெளியே தெரிகிறது, இரண்டே எண் போதும். பொங்கலுக்குள் முதல் பக்கத்தை எனக்கு அனுப்பு.