மார்க்குக்குக் கீழே எழுதியதை யார் படிக்கிறார்கள்?

காலாண்டுப் பரீட்சை முடிந்து விடைத்தாள் கொடுக்கும் நாளில், ஏதேனும் ஒரு பள்ளியின் ஏழாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் நின்று பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய்த் தாளை வாங்கும் பையன், தன் இடத்துக்குத் திரும்புவதற்குள்ளாகவே அதன் மேல்மூலையைப் பார்த்துவிடுகிறான்; பார்த்த அக்கணமே, நல்ல மார்க்கானால் தாளை நன்றாக விரித்துப் பிடித்தும், மட்டமான மார்க்கானால் அந்த மூலையை மட்டும் உட்புறமாக மடக்கியும் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவனுக்கு எவ்வளவு என்று எட்டிப் பார்த்து, பிறகு ஒவ்வொரு வினாவுக்கும் போட்டிருப்பதைக் கூட்டி, டோட்டலில் ஓர் அரை மார்க்கு விட்டுப்போயிருந்தால் பெரும் வழக்கொன்றில் ஜெயித்தவனைப்போல் எழுந்து நிற்கிறான். இத்தனைக்கும் நடுவில், அவனுடைய ஆசிரியை இரவு கண்விழித்து ஓரத்தில் எழுதியிருக்கும் இரண்டு வரிக் குறிப்பின்மீது அவன் பார்வை ஒருமுறைகூடப் படுவதில்லை.

மாணவர்களை ஊக்கப்படுத்துவது எப்படி என்பது பரீட்சைப் பருவந்தோறும் பத்திரிகைகள் விரும்பிக் கேட்கும் தலைப்பு. விடியற்காலையில் எழுவது, வல்லாரைக் கீரை உண்பது, சுவரில் நேர அட்டவணை ஒட்டுவது முதலிய யோசனைகளை எழுத வேறு பலர் இருக்கிறார்கள். ஆதலால் அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு, யாரும் அதிகமாகப் பொருட்படுத்தாத அந்த இரண்டு வரிக் குறிப்பைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன். பையன் அதைப் படிக்காமல் விடுவதற்கு அவனுடைய அசிரத்தை காரணமன்று, அதன் தலைமேல் நாம் எழுதி வைத்த எண்ணே காரணம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஆதாரமும் உண்டு.

1988-ல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் ஒருவர், இஸ்ரேலில் 4 பள்ளிகளின் 12 வகுப்புகளைச் சேர்ந்த 132 பிள்ளைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார். பாடப்புத்தகத்தில் விடையில்லாத, யோசித்து எழுதவேண்டிய சில பயிற்சிகளை அவர்களுக்குக் கொடுத்து, எழுதியவற்றை வாங்கித் திருத்தி, இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, நான்கு வகுப்புகளுக்கு 40 முதல் 99 வரையிலான மார்க்கு மட்டும் கொடுக்கப்பட்டது. வேறு நான்கு வகுப்புகளுக்கு மார்க்கு எதுவுமின்றி, எது நன்றாக வந்திருக்கிறது, இன்னும் எதை யோசிக்கலாம் என்ற குறிப்பு மட்டும். மீதி நான்கு வகுப்புகளுக்கு இரண்டும். அதன்பின், முன்போலவே இதற்கும் அபிப்பிராயம் சொல்லப்படும் என்று அறிவித்துவிட்டு, அதே மாதிரியான பயிற்சிகள் மறுபடியும் தரப்பட்டன.

குறிப்பு மட்டும் பெற்ற வகுப்புகளின் வேலை ஏறத்தாழ 30 விழுக்காடு முன்னேறியிருந்தது. அவ்வகுப்புகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் பின்தங்கிய பிள்ளைகளும் ஒருசேர, இப்படிப்பட்ட பயிற்சிகளை இன்னும் செய்யப் பிரியம் என்றார்கள். மார்க்கு மட்டும் பெற்ற வகுப்புகளிலோ முன்னேற்றமே இல்லை. அங்கே மேல்மட்டத்தில் இருந்தவர்களுக்கு உற்சாகம் குன்றவில்லை, கீழ்மட்டத்தில் இருந்தவர்களுக்கு இனி வேண்டாம் என்று ஆகிவிட்டது. இது ஒருவாறு எதிர்பார்க்கக்கூடியதே. மார்க்கையும் குறிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதில்தான் ஆச்சரியம் இருக்கிறது. இரண்டும் பெற்றவர்கள் இரட்டிப்புப் பயன் அடைந்திருப்பார்கள், போகட்டும், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அளவுக்காவது முன்னேறியிருப்பார்கள் என்றுதானே யாரும் நினைப்போம்? அவர்களும் மார்க்கு மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்ற இடத்தில் நின்றார்கள். அவர்களிலும் பின்தங்கியவர்கள் அதேபோல் ஆர்வம் இழந்தார்கள். குறிப்பு எழுதிய கை எழுதியதுதான் மிச்சம். பக்கத்தில் ஓர் எண் நின்ற ஒரே காரணத்தால் அது எழுதப்படாததற்குச் சமானமாகிவிட்டது.

ஏன் இப்படி நேர்கிறது என்று யோசித்துப் பார்த்தால், எண்ணுக்கும் குறிப்புக்கும் உள்ள ஸ்வபாவ பேதம் புலப்படும். குறிப்பு வேலையைப் பற்றிப் பேசுகிறது. எண்ணோ, நாம் என்ன நினைத்துக்கொண்டு போட்டாலும், ஆளைப் பற்றிப் பேசுகிறது. 43 என்று கண்ட பிள்ளை, தன் கணக்கு எங்கே தவறியது என்று கேட்பதில்லை. தான் யாருக்குமேல், யாருக்குக்கீழ் என்றே கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த மாத்திரத்தில் அந்தத் தாளோடு அதற்குள்ள சம்பந்தம் முடிந்துவிடுகிறது. மாணவர்க்கும் பிறர்க்கும் சொல்லப்படும் அபிப்பிராயங்களைப் பற்றிய முந்தைய ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி 1996-ல் வெளிவந்த ஒரு பரிசீலனை, தான் கணக்கிட்ட 607 விளைவுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில், அபிப்பிராயம் சொன்னதனாலேயே வேலை முன்னிலும் மோசமாயிற்று என்று கண்டது. கவனம் செய்யும் வேலையை விட்டுச் செய்கிறவனிடம் தாவும்போது பயன் குறைகிறது என்பது அப்பரிசீலனை தந்த விளக்கம்.

புகழ்ச்சிக்கும் இதே கதிதான். 1998-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு சாராரை நீ புத்திசாலி என்றும், மற்றொரு சாராரை நீ நன்றாக உழைத்திருக்கிறாய் என்றும் பாராட்டிவிட்டு, அடுத்தபடியாக வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்கச் செய்தார்கள். அதன்பின் முகமறியாத வேறொரு பள்ளிப் பிள்ளைக்குத் தாங்கள் வாங்கிய மார்க்கை எழுதி அனுப்பச் சொன்னபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் கூட்டி எழுதினார்கள். முகமறியாதவனிடமே இப்படியென்றால், ராங்க் கார்டில் கையெழுத்து வாங்க அப்பாவிடம் போகும் பிள்ளையின் மனநிலையைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

வெகுமதி கொடுத்தால் படிப்பார்கள் என்ற நம்பிக்கையையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், வர்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள 51 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் சிலரிடம் மட்டும், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் கொண்ட நற்சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். 1973-ல் வெளியான அதன் முடிவு, ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தன்னிச்சையாய் விளையாடும் வேளையில், சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் ஏனையோரைவிட ஏறக்குறையப் பாதி நேரமே அப்பேனாக்களைத் தொட்டார்கள் என்பது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு இந்தச் சோர்வு வரவில்லை. பேரம் பேசித் தொடங்கிய காரியம் பேரம் முடிந்ததும் ருசிக்காமற்போகிறது.

நம் வகுப்பறைகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2012-13-ல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தபோது, பரீட்சைச் சுமை குறைந்து, பிள்ளை கற்கும்போதே அதைக் கவனித்துத் துணை செய்யும் காலம் பிறந்துவிட்டதென்று பலரும் மகிழ்ந்தார்கள்; அந்த மகிழ்ச்சியில் நானும் பங்குகொண்டேன். ஆனால் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வைத்த கையோடு, வளரறி மதிப்பீட்டுக்கும் 40 என்று மார்க்கு வைத்தாயிற்று. ஓலை நறுக்கில் பொம்மை செய்ததற்கு மார்க்கு, குழுவாக உட்கார்ந்து பேசியதற்கு மார்க்கு, சார்ட் ஒட்டியதற்கு மார்க்கு என்று, முன்பு மார்க்கில்லாமல் நிகழ்ந்துகொண்டிருந்த சிறு சந்தோஷங்களுக்கும் ஒரு கட்டம் போட்டுப் பதிவேட்டில் நிரப்ப நேர்ந்தது. 2017-ல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது நல்ல காரியமே. எனினும் தெருமுனை ஃபிளெக்ஸ் பேனரில் சிரிக்கும் முகங்களும் அவற்றின்கீழ் எண்களும் குறைந்தபாடில்லை.

குறிப்பு என்று நான் சொல்வது எது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுவது நலம். ஏனெனில் 'நன்று', 'முயற்சி தேவை', 'கவனம்' என்பவையெல்லாம் எழுத்தால் எழுதப்பட்ட மார்க்குகளே. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், ஆறாம் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறார்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டார்கள். இது சோம்பலால் வந்த பிழையன்று, முழு எண்களில் தாங்கள் கற்ற வழியை நம்பிக்கையோடு இங்கும் பிரயோகித்ததால் வந்தது. இதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுப் பூஜ்யம் எழுதினால், வழி தவறு என்பது தெரியுமேயன்றி, ஏன் தவறு என்பது தெரியாது. சரியான விடையைச் சிவப்பு மையில் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தாலோ, அதைப் பார்த்து எழுதிக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறாய், உன் விடை அரையைவிடப் பெரிதா, சிறிதா? பார்த்துச் சொல்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். பிள்ளை ஒரு நிமிஷம் திகைக்கும். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு என்று தானே காணும்; கூட்டினால் குறையுமா என்ற ஆச்சரியம் அதன் மனத்தில் எழும்; பகுதிகளை ஆறாக்கி, மூன்றும் இரண்டும் ஐந்து, ஆறில் ஐந்து என்று வந்து சேரும்போது, அந்த விடை ஆசிரியர் கொடுத்ததாயிராமல் அதனுடையதாயிருக்கும். ஊக்கம் என்று பெரிய பெயரிட்டு நாம் தேடுவது இந்தத் திகைப்புக்கும் அந்தச் சேர்தலுக்கும் இடையில்தான் பிறக்கிறது.

மார்க்கில்லாவிட்டால் பிள்ளைகள் படிக்கவே மாட்டார்கள், கல்லூரிச் சேர்க்கைக்கு அளவுகோல் வேண்டாமா என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ஆண்டிறுதிப் பரீட்சையைப் பொறுத்தமட்டில் அவர்கள் சொல்வது நியாயமே, அதை எடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கனமான ஆட்சேபம் ஆசிரியர்களிடமிருந்து வருகிறது. வகுப்புக்கு நாற்பது பேராக ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுப்பவரிடம் 200 நோட்டுகள் சேர்கின்றன. நோட்டுக்கு இரண்டே நிமிஷம் என்று வைத்தாலும் 400 நிமிஷம், அதாவது ஆறேமுக்கால் மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைவு. அதுவும் பள்ளி விட்டபின், வீட்டில், அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் நடுவில். இந்தக் கணக்கை மறந்துவிட்டு ஆசிரியர்களுக்கு உபதேசம் செய்வது எளிது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயர், மெட்வே பகுதிகளின் 6 பள்ளிகளில், 1999-ல் தொடங்கி, 24 கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து குறிப்பு மட்டும் எழுதும் முறையைச் செய்து பார்த்தபோது அவர்களுக்கும் இதே தயக்கம் இருந்தது. எல்லாவற்றையும் திருத்துவதை விட்டு, முக்கியமான சில வேலைகளுக்கு மட்டும் நல்ல குறிப்பு எழுதி, அதைப் படித்து அதன்படி திருத்திக்கொள்ள வகுப்பிலேயே நேரம் ஒதுக்குவது என்று அவர்கள் வழி கண்டார்கள். மார்க்கைக் காணாத பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்ற அச்சமும் பலிக்கவில்லை. நான்கு வாரத்தில் ஒரு முறையே ஒவ்வொரு நோட்டுக்கும் குறிப்பு என்று முறைவைத்தால், நம் ஆசிரியருக்கும் வாரத்துக்கு 50 நோட்டுதான் வரும்.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. குறிப்பு எழுதும் கையே நம்மிடையே மறைந்துகொண்டிருக்கிறது. கட்டுரை நோட்டுகளைப் புரட்டினால் பக்கத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரே ஒரு டிக், அடியில் தேதியோடு ஒரு சுருக்கொப்பம், சில இடங்களில் அதுவுமின்றி நட்சத்திர ஸ்டிக்கரோ 'குட்' என்ற ரப்பர் ஸ்டாம்போ மாத்திரமே காணப்படுகின்றன. எழுதியதை ஒருவர் படித்தார் என்பதற்கான தடயம் எங்குமில்லை. மார்க்கைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. குறிப்பை ஏற்றுவதற்கு அதில் கட்டமே கிடையாது, அல்லது கட்டமிருந்தாலும் ஆயத்தமாய்ப் பட்டியலிட்ட நாலைந்து சொற்றொடர்களில் ஒன்றைத் தொட்டுவிட்டால் போதும். மழையில் நனைந்த அனுபவத்தைப் பற்றி ஒரு சிறுமி ஒரு பக்கம் எழுதியிருந்தால், அதற்கு இருபதுக்குப் பதின்மூன்று என்று விலை கட்டலாம். "ஒதுங்கி நின்ற கடை எப்படி இருந்தது என்று சொல்லாமல் ஓடிவிட்டாயே, அதையும் எழுது" என்று கேட்கவும் கேட்கலாம். இரண்டாவதைக் கேட்க அந்தப் பக்கத்தை முழுவதும் வாசித்திருக்கவேண்டும். தன் எழுத்தை ஒருவர் வாசித்தார் என்று பத்து வயதில் அறியாத பிள்ளை, பின்னால் யாருக்காக எழுதும், எதற்காக நன்றாக எழுதும் என்பதை நினைக்கும்போது எனக்குப் பரீட்சைச் சீர்திருத்தங்களில் எதுவும் பெரிதாகத் தோன்றுவதில்லை. பயிற்சிக் கல்லூரிகளில் வினாத்தாள் தயாரிக்கும் முறைக்குக் கொடுக்கும் நேரத்தில் கால் பங்கையாவது குறிப்பெழுதும் பழக்கத்துக்குக் கொடுக்கலாம்.

இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த பருவத்தில் ஏதாவது ஒரு பாடத்தின் ஒரே ஒரு நோட்டை மார்க்கில்லாமல் திருத்திக் கொடுங்கள், திருத்தியதைப் படிக்க அந்தப் பீரியடிலேயே பத்து நிமிஷம் விடுங்கள். பெற்றோர்களும் ராங்க் கார்டில் கையெழுத்துப் போடுமுன், எவ்வளவு என்று கேட்பதை ஒருநாள் நிறுத்திவைத்து, டீச்சர் என்ன எழுதியிருக்கிறார்கள், வாசித்துக் காட்டு என்று கேட்கவேண்டும். ஒன்றும் எழுதவில்லை என்று பிள்ளை சொன்னால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசாமல் அதைப் பற்றிப் பேசுங்கள்.