மெனிபோல்ட் சிவந்தால் மெனிபோல்டை மாற்றாதீர்கள்

நாலந்தாவிலிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றும் நண்பர் ஒருவர் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தார். "நானா, பலகடுவ ஏத்தத்துல நிக்கிறன். மெனிபோல்ட் நெருப்பு மாதிரி செவந்து போய்க் கெடக்கு. தண்ணி ஊத்தவா?"

"ஒரு சொட்டும் ஊத்த வாணாம் தம்பி. இஞ்சின் கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். பொறகு நிப்பாட்டுங்க" என்றேன். சிவந்த வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் அந்த இடத்திலேயே வெடித்துவிடும்.

அவருடையது பழைய பெட்போர்ட் லொறி. ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது லொறி விலை எங்கேயோ போய்விட்டது. கொல்லையில் கிடந்த பழைய வண்டிகளை இஞ்சின் செய்து வீதிக்கு எடுத்தவர்கள் நம் பகுதியில் பலர். 2025இல் இறக்குமதி மீண்டும் திறந்தாலும் புதிய லொறியின் விலை சிறு வியாபாரிக்கு எட்டவில்லை. ஆகவே இது அவர் ஒருவரின் கதையல்ல.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். உதிரிப்பாகம் விற்பவன் நான். இரண்டு மாதத்துக்கு முன்னர் வெடித்த மெனிபோல்டுக்குப் பதிலாக அவருக்கு வேறொன்று விற்றவனும் நானே. ஏன் வெடித்தது என்று கேட்கவில்லை. அதற்கு முன்னரே வேறிடத்தில் ரேடியேட்டரும் மாற்றியிருந்தார். தண்ணீர் மீற்றரின் ஊசியோ எப்போதும் நடுவில்தான் நின்றது. தண்ணீரின் சூடு வேறு, புகையின் சூடு வேறு என்பதை இருவரும் யோசிக்கவில்லை.

எரிந்த புகையைச் சேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்புவதுதான் மெனிபோல்டின் வேலை. அது தானாகச் சூடாவதில்லை. இருட்டில் மங்கலான சிவப்புத் தெரிந்தால் சூடு 500 பாகை செல்சியஸைத் தாண்டிவிட்டது என்று பொருள். பாரத்தோடு நீண்ட ஏற்றம் ஏறும்போது அந்த அளவு சில வேளை வரலாம். ஆனால் சமதரையிலும் சிவந்தால், அல்லது ஏற்றத்தில் பளிச்சென்று சிவந்தால், இஞ்சினுக்குள்ளே கோளாறு இருக்கிறது.

மறுநாள் மாத்தளையில் அனுபவமுள்ள ஒரு பாஸிடம் வண்டியைக் கொண்டு போனோம். அவர் ஸ்பெனரைத் தொடுமுன் மூன்று கேள்விகள் கேட்டார். எப்போது சிவக்கிறது? ஒரு கிளை மட்டுமா, எல்லாக் கிளைகளுமா? புகை என்ன நிறம்?

பிறகு துப்பாக்கி போன்ற வெப்பமானியால் கிளைகளை ஒவ்வொன்றாக அளந்தார். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்ததைப் போன்றதுதான், ஆனால் 600 பாகைக்கு மேலும் காட்டும். ஒரு கிளை மட்டும் அதிகமாகச் சூடானால் அந்தச் சிலிண்டரின் நொசில் ஒழுகுகிறதா, வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை; அதன் சுமையை மற்றவை இழுக்கின்றன. எங்கள் வண்டியில் எல்லாம் ஒரே அளவாகச் சூடாகியிருந்தன.

எல்லாம் சேர்ந்து சூடானால் பார்க்க வேண்டியவை நான்கு. எயார் கிளீனர் அடைத்திருந்தால் காற்றுப் போதாது, கறுப்புப் புகை வரும். பம்ப் அளவுக்கு மீறி டீசல் கொடுத்தாலும் கறுப்புப் புகைதான். சைலன்சர் உள்ளே இடிந்து அடைத்திருந்தால் புகை வெளியேற வழியில்லை. குழாயின் இணைப்பைத் தளர்த்தி ஓட்டினால் இழுவை திரும்பிவிடும். நான்காவது டைமிங். டீசல் பிந்திப் பாய்ந்தால் பிஸ்டனைத் தள்ள வேண்டிய நெருப்பு வெளியேறும் வழியிலும் எரிந்துகொண்டிருக்கும். இழுவை குறையும், டீசல் செலவு கூடும், வெள்ளை கலந்த சாம்பல் புகை வரும்.

கிளீனர் சுத்தம். இணைப்பைத் தளர்த்தியும் மாற்றமில்லை. புகை சாம்பல் நிறம். "இஞ்சின் செஞ்ச பொறகு சத்தம் கொறஞ்சுதா?" என்று பாஸ் கேட்டார். "ஓம், நல்ல மெதுவாத்தான் ஓடுது" என்றார் நண்பர். அதை நல்ல வேலைக்கு அடையாளம் என்று நினைத்திருந்தார். டைமிங் பிந்தினால் டீசல் இஞ்சினின் தட்டல் சத்தம் குறையும் என்று அப்போதுதான் அறிந்தோம். மூடியைத் திறந்தால், பம்ப் இணைப்பின் அடையாளங்கள் ஒன்றோடொன்று சேராமல் நின்றன.

நாலந்தாவின் கெடிகே கற்கோயிலை மகாவலித் திட்டத்தின் நீர் மூடாதிருக்க, கல் கல்லாகப் பிரித்து 1980இல் மேட்டில் மீண்டும் கட்டினார்கள். கல் எல்லாம் இருந்தால் போதாது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்க வேண்டும். இஞ்சினும் அப்படித்தான்.

பம்பைச் சரிசெய்ய அரை நாள் போனது. கூலி, நான் விற்ற மெனிபோல்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது அதே பாரத்தோடு அதே ஏற்றத்தில் இரவில் ஏறியும் மெனிபோல்ட் கறுப்பாகவே இருக்கிறது. தாமதித்திருந்தால் வால்வுகள் கருகியிருக்கும். பக்கத்தில் டீசல் குழாய் ஒழுகியிருந்தால் வண்டியே எரிந்திருக்கும்.

இஞ்சின் செய்யக் கொடுப்பவர்கள் முழுப் பணத்தையும் கொடுக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். பாரம் ஏற்றி ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கிளைகளின் சூட்டை அளந்து எழுதி வாங்குங்கள். டைமிங்கையும் வால்வு இடைவெளியையும் பில்லில் குறிக்கச் சொல்லுங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபிக்கமாட்டார்.

என் பங்குக்கு, கடையில் யாராவது மெனிபோல்ட் கேட்டால் இப்போது முதலில் "பழையது எப்படி வெடித்தது?" என்று கேட்கிறேன். சில நாள் ஒரு விற்பனை குறைகிறது. ஆனால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வருகிறார்.